குளிரை நிறுத்திய ஜன்னல் காற்றையும் நிறுத்தியது: கோத்தகிரியில் மூன்று ஆண்டு யூ.பி.வி.சி. அனுபவம்

2022 மார்ச் மாதம் எங்கள் வீட்டுக்கான ஆறு யூ.பி.வி.சி. (கெட்டிப் பிளாஸ்டிக்) ஜன்னல்களை ஏற்றிக்கொண்டு கோவையிலிருந்து கிளம்பிய வண்டியை, மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறும் பாதையில் குஞ்சப்பனைச் சோதனைச் சாவடியில் நிறுத்திப் பார்த்திருக்கிறார்கள். ஓட்டுநரின் இருக்கையருகே கிடந்த அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலை வாங்கி வைத்துக்கொண்டு, பின்னால் கயிறு போட்டுக் கட்டியிருந்த ஏறத்தாழ 80 கிலோ பிளாஸ்டிக்கை ஒரு பார்வை பார்த்துவிட்டு, போகலாம் என்று கைகாட்டினார்களாம். ஓட்டுநர் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். நீலகிரியில் சிறிய தண்ணீர், குளிர்பான பிளாஸ்டிக் பாட்டில்களுக்கு 2019 முதல் தடை இருக்கிறது. ஜன்னலுக்குத் தடை ஏதும் இல்லை. ஒரு மணி நேரத்தில் காலியாகி ஓடையில் விழும் பாட்டிலையும், முப்பது ஆண்டுகள் சுவரில் நிற்க வேண்டிய ஜன்னலையும் ஒரே தராசில் வைக்கக்கூடாது என்பது சரிதான். ஆயினும் மூன்று வடகிழக்குப் பருவமழைகளை இந்த ஜன்னல்களோடு கடந்த பிறகு, வாங்கும் முன் எவற்றுக்கெல்லாம் அஞ்சினேனோ அவற்றில் பெரும்பாலானவை வீண் அச்சம் என்றும், நினைத்தே பாராத இரண்டு இடங்களில்தான் கேடு ஒளிந்திருந்தது என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் வீடு 1960-களில் அப்பா கட்டியது. கருங்கல்லும் மண்சாந்தும் வைத்து எழுப்பிய சுவர், மேலே மங்களூர் ஓடு, பிற்காலத்தில் உள்ளே சிமெண்டுப் பூச்சு. ஊட்டியின் மேற்குப் பக்கம் தென்மேற்குப் பருவமழையில் நனையும். கோத்தகிரிக்கு ஐப்பசியும் கார்த்திகையும்தான் பெருமழைக் காலம், அதுவும் சமவெளியிலிருந்து மேலேறி வரும் மேகத்தோடு கிழக்கிலிருந்து சாய்ந்தடிக்கும் மழை. வீட்டின் முகப்போ கிழக்கு. மொத்தம் எட்டு ஜன்னல்களில் இரண்டு மட்டும் நிலம்பூர்த் தேக்கு; கூடலூர் வழியாக லாரியில் வந்தவை என்று அப்பா பெருமையாகச் சொல்வார். மற்ற ஆறும் சில்வர் ஓக், தேயிலைத் தோட்டத்து நிழல்மரம் மலிவாகக் கிடைத்தது என்று போட்டவை. மழைக்காலம் முழுவதும் அவை ஊறிப் பருத்து, மூடினால் திறக்காது, திறந்தால் மூடாது. கீழ்ச்சட்டங்கள் விரலால் அழுத்தினால் உள்ளே போகும் அளவுக்கு உளுத்துவிட்டன. ஒவ்வொரு மார்கழியிலும் இடுக்குகளில் பழந்துணி செருகிச் செய்தித்தாள் ஒட்டிக் குளிரைச் சமாளித்தோம். மாற்றியது இந்த ஆறை மட்டும்தான்.

வாங்கியது கோவையில் உள்ள ஒரு கடையில். பெயரைச் சொல்லப் போவதில்லை. குறைகளில் பாதி அந்தக் கடைக்கு மட்டும் உரியவை அல்ல. சதுர அடிக்கு 720 ரூபாய், அதில் 5 மி.மீ. டஃபன்டு (வலுவூட்டிய) கண்ணாடி அடக்கம். கொசுவலை தனி, மலையேற்றும் வாடகை தனி, வரி தனி. விற்பனையாளர் பொறுமையான இளைஞர். "பிளாஸ்டிக்குன்னு நினைக்காதீங்க சார், இது தீயே புடிக்காதுங்க" என்று சொல்லி, மேசைமேல் இருந்த மாதிரித் துண்டின் விளிம்பில் லைட்டரைப் பிடித்துக் காட்டினார். விளிம்பு கருகிச் சுருண்டது. லைட்டரை விலக்கியதும் சுடர் செத்துப்போனது. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. காற்றில் ஆக்சிஜன் 21 விழுக்காடுதான், கெட்டியான பி.வி.சி. தன்னால் எரிந்துகொண்டிருக்க அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் வேண்டும். பி.வி.சி.யின் எடையில் 57 விழுக்காடு, உப்பிலிருந்து எடுக்கும் குளோரின். அதுதான் சுடரை அணைக்கிறது. அதே குளோரின் எங்கள் முற்றத்தில் செய்த வேலையைப் பிறகு சொல்கிறேன்.

அப்போது வீட்டில் பேத்தி கைக்குழந்தை. ஆகவே நச்சு பற்றிய கேள்விதான் முதலில் எழுந்தது. பிளாஸ்டிக் என்றதும் பலரும் தாலேட்டைப் பற்றிப் பேசுவார்கள். பி.வி.சி.யை வளைந்து கொடுக்க வைப்பதற்காகச் சேர்க்கும் எண்ணெய்ப் பசை போன்ற பொருள் அது. ரெக்சின், மேசை விரிப்பு, மழைக்கோட்டு, மின்கம்பியின் உறை போன்றவற்றில் உண்டு. யூ.பி.வி.சி. என்பதில் முன்னால் நிற்கும் 'யூ', அந்த மென்மையூட்டி சேர்க்கப்படவில்லை என்பதற்கான அடையாளம். ஆகவே அந்த அச்சத்தை ஜன்னல் நிலையைப் பொறுத்தவரை விட்டுவிடலாம். அடுத்தது வினைல் குளோரைடு. பி.வி.சி.க்கு மூலப்பொருளான இந்த வாயு மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்பதில் ஐயமே இல்லை. 1974-இல் அமெரிக்காவின் லூயிவில் நகரத்துப் பி.வி.சி. ஆலையில் வேலை செய்தவர்களிடம், கல்லீரலில் மிக அரிதாக வரும் ஒருவகைப் புற்றுநோய் ஒருவருக்குப் பின் ஒருவராகக் கண்டறியப்பட்ட பிறகே, அத்தகைய ஆலைகளின் விதிகள் இறுகின. ஆனால் பிசினாகி, பொடியாகி, உருகி, ஜன்னல் சட்டமாக வீட்டுக்கு வரும்போது அந்த வாயு அதில் பொருட்படுத்தத்தக்க அளவில் எஞ்சியிருப்பதில்லை. அதன் அபாயம் தயாராகும் ஊரிலும் வரும் வழியிலும் இருக்கிறது. 2023 பிப்ரவரி 3 அன்று ஒஹாயோ மாநிலத்தின் ஈஸ்ட் பாலஸ்தீன் என்ற சிற்றூரில் சரக்கு ரயில் தடம்புரண்டபோது, ஐந்து தொட்டி வண்டிகளில் இருந்த வினைல் குளோரைடை மூன்று நாள் கழித்து வெளியேற்றி எரித்தார்கள்; எழுந்த கரும்புகையை உலகமே பார்த்தது. நம் கடலூர்க் கரையிலும் இதே பொருள் கப்பலில் வந்து இறங்கித்தான் பி.வி.சி. ஆகிறது. எங்கள் பேத்திக்கு வராத இடரை, ஆலையைச் சுற்றிக் குடியிருப்பவர்களின் பேரப்பிள்ளைகள் நமக்காகச் சுமக்கிறார்கள். சதுர அடி விலையில் அது சேராது.

கடையில் எளிதில் பதில் கிடைக்காத கேள்வி ஈயம் பற்றியது. உருக்கும் சூட்டிலும் பிறகு வெயிலிலும் பி.வி.சி. சிதையாமலிருக்க ஒரு நிலைப்படுத்தி சேர்க்க வேண்டும்; நெடுங்காலம் அது ஈயச் சேர்மமாகவே இருந்தது. ஐரோப்பாவில் தொழில்துறையே 2015 இறுதிக்குள் அதைக் கைவிட்டு, கால்சியம், துத்தநாகம் சேர்ந்த நிலைப்படுத்திக்கு மாறியது. நம் நாட்டில் 2021-இல் வந்த ஈய நிலைப்படுத்தி விதிகள் பி.வி.சி. குழாய்களுக்கும் அவற்றின் இணைப்புகளுக்கும் உரியவை. ஜன்னல் அவற்றில் வராது. ஈயம் சேர்ந்த சட்டத்தைத் தொட்டாலே விஷம் ஏறிவிடும் என்பதில்லை, அது பிளாஸ்டிக்குக்குள் கட்டுண்டு கிடக்கிறது; மேற்பரப்பு வெயிலில் சிதைந்து பொடியாகும்போதுதான் நிலைமை மாறும். 1996-இல் அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம், இறக்குமதியான வினைல் ஜன்னல் மறைப்புகளில் இதைத்தான் கண்டது: வெயிலில் சிதைந்த மேற்பரப்பில் ஈயத்தூசி படிந்திருந்தது, குழந்தைகள் அதைத் தொட்டு விரலை வாயில் வைத்தார்கள். மலையில் இருப்பவர்கள் இதைக் கூடுதலாக எண்ணிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 விழுக்காடு கூடுகிறது, கோத்தகிரியோ 1,800 மீட்டர் அளவில் இருக்கிறது. எனவே ஈயம் இல்லை என்று எழுத்தில் தரும்படி கேட்டேன். முதலில் வந்தது பச்சை இலைப் படம் அச்சடித்த கையேடு. இரண்டாம் முறை கேட்டபோது "எல்லாம் ஜெர்மன் டெக்னாலஜிங்க சார்" என்ற பதில் வந்தது. மூன்றாம் முறைதான், சட்டங்களைத் தயாரிக்கும் நிறுவனத்திலிருந்து, சேர்த்திருப்பது கால்சியம்-துத்தநாக நிலைப்படுத்தி என்று குறிப்பிட்ட ஒருபக்கக் கடிதம் வந்தது. அது கைக்கு வந்த பிறகே முன்பணம் கொடுத்தேன்.

இவ்வளவு குடைந்த நான், பழைய ஜன்னல்களைக் கழற்றிய அன்று கோட்டைவிட்டேன். வைத்துக்கொள்வதென முடிவு செய்த இரண்டு தேக்கு ஜன்னல்களுக்கும் புதுப்பூச்சு அடிப்பதற்காக, ஆசாரியின் கையாள் பழைய பச்சை எனாமலை உப்புத்தாளால் உலரத் தேய்த்துக்கொண்டிருந்தார். திண்ணையெல்லாம் பச்சைத் தூள். நம் நாட்டில் வீட்டுப் பூச்சுகளில் ஈயம் 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவைத் தாண்டக்கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முன் பல பத்தாண்டுகளாக அடுக்கடுக்காக அடித்த எனாமலில் என்ன இருந்திருக்கும் என்று ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டாம். புதிய ஜன்னலில் ஈயம் உண்டா என்று கடைக்காரரை மூன்று முறை கேட்டவன், பழைய ஜன்னலின் தூசிக்கு நடுவில் பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்திருக்கிறேன். பிறகு புத்தி வந்து, வேலையை நிறுத்தி, நனைத்துத் தேய்க்கச் சொல்லி, திண்ணையை ஈரத்துணியால் மூன்று முறை துடைத்தோம். பெருக்கக் கூடாது, பெருக்கினால் தூசி எழும்பும்.

இனி ஜன்னலின் தரத்துக்கு வருகிறேன். குளிரையும் மழையையும் நிறுத்துவதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பொருத்திய வாரத்தில், காற்று பலமாக வீசிய ஓர் இரவில், பற்றவைத்த ஊதுபத்தியைச் சட்டத்தின் விளிம்பை ஒட்டி மெல்ல நகர்த்திக்கொண்டே போனேன். நான்கு மூலைகளிலும் புகை நூல்போல நேராக மேலே ஏறியது. பழைய ஜன்னலருகே அதே ஊதுபத்தியின் புகை அறைக்குள் படுத்துவிடும். சட்டத்தைச் சுற்றி ஓடும் கறுப்பு ரப்பர் பட்டையும், கைப்பிடியைத் திருப்பினால் மேலும் கீழும் நடுவிலுமாக ஒரே நேரத்தில் இறுகும் பூட்டும்தான் இதற்குக் காரணம். மூலைகளைத் திருகாணி போடாமல், சூட்டில் உருக்கி ஒட்டியிருக்கிறார்கள். மூன்று ஆண்டுகளில் ஒரு மூலையும் பிளக்கவில்லை. அலுமினியம் பி.வி.சி.யைப்போல் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு வெப்பத்தைக் கடத்தும். அலுமினிய ஜன்னல் போட்ட பக்கத்து வீட்டில் தை மாதக் காலையில் சட்டமே வியர்த்துச் சுவரில் நீர் வழிகிறது, எங்கள் வீட்டில் கண்ணாடி மட்டும் வியர்க்கிறது. இரட்டைக் கண்ணாடி போட்டிருந்தால் அதுவும் பெருமளவு குறைந்திருக்கும். பணத்தைப் பார்த்துத் தவிர்த்தோம், இப்போது வருந்துகிறோம்.

குறை சட்டத்தின் கனத்தில் இருக்கிறது. ஐரோப்பியத் தர அளவில் முதல் வகைச் சட்டத்துக்கு வெளியே தெரியும் பக்கத்தின் தடிமன் குறைந்தது 2.8 மி.மீ. இருக்க வேண்டும், இரண்டாம் வகைக்கு 2.5. பாலிடெக்னிக்கில் படிக்கும் பக்கத்து வீட்டுப் பையனிடம் வெர்னியர் காலிப்பரை வாங்கி, எஞ்சிய துண்டுகளை அளந்தேன்: 2.2, ஓரிடத்தில் 2.1. ஜெர்மன் தொழில்நுட்பத்தில் கால்வாசி வழியிலேயே தேய்ந்துவிட்டது போலும். உள்ளே இரும்புச் சட்டம் செருகியிருப்பதால் ஜன்னல் வளையவில்லை என்றாலும், தெற்குப் பக்கத்து ஜன்னலின் வெளிமுகத்தைக் கறுப்புத் துணியால் துடைத்தால் இரண்டாம் ஆண்டிலிருந்து வெள்ளைப் பொடி ஒட்டுகிறது. புற ஊதாக் கதிரைத் தடுக்க டைட்டானியம் டை ஆக்சைடு போதுமான அளவு சேர்க்காத சட்டங்கள் இப்படித்தான் சுண்ணாம்பாகும். அந்தக் கடிதம் கையில் இல்லாமலிருந்தால் இந்தப் பொடி எனக்கு உறக்கத்தைக் கெடுத்திருக்கும்.

பொருத்துவதிலும் ஒரு நுட்பம் உண்டு. ஒன்றரை மீட்டர் நீளச் சட்டம், உறைபனி விழும் விடியலுக்கும் சுள்ளென்று வெயில் அடிக்கும் நண்பகலுக்கும் இடையே, தன் சூடு 35 டிகிரி மாறும்போது ஏறத்தாழ மூன்றரை மில்லிமீட்டர் நீளும். ஆகவே சுவருக்கும் சட்டத்துக்கும் இடையே இடம் விட்டு, அந்த இடைவெளியை ஃபோம் அடித்து நிரப்ப வேண்டும். சிமெண்டு வைத்து இறுக்கினால் பூட்டு சிக்கிக்கொள்ளும், சில இடங்களில் கண்ணாடியே வெடிக்கும். இதை வந்தவர்கள் அறிந்திருந்தார்கள். மண்சாந்துச் சுவரை மட்டும் அவர்கள் அறிந்திருக்கவில்லை. இரண்டு கற்களுக்கு நடுவே துளையிட்டு அடித்த போல்ட்டுகள் முதல் மழையிலேயே ஆடத் தொடங்கின. பிறகு உள்ளூர்க் கொத்தனார் வந்து கல்லில் துளையிட்டு மாற்றிக் கொடுத்தார்.

இப்போது, நினைத்தே பாராத இரண்டு கேடுகளில் முதலாவதற்கு வருகிறேன். அம்மாவுக்கு 84 வயது. குளிர்காலத்தில் இரவு எட்டு மணிக்கு நெருப்புச் சட்டியில் கரி போட்டு, தணலானதும் அவர் கட்டிலருகே கொண்டுவந்து வைப்பது நாற்பது ஆண்டுப் பழக்கம். ஜன்னல் மாற்றிய ஆண்டின் மார்கழியில், முதல் கடுங்குளிர் நாளில் அப்படியே வைத்தோம். கதவும் சாத்தியிருந்தது. முக்கால் மணி நேரம் கழித்து என் மனைவி உள்ளே போனபோது, அம்மா தலை கனக்கிறது என்றும் வாந்தி வருவது போலிருக்கிறது என்றும் முனகிக்கொண்டிருந்தார். சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை போல என்று அவரே காரணமும் சொன்னார். மனைவிக்கும் இரண்டு நிமிடத்தில் நெற்றி தெறித்தது. சட்டியை வெளியே தூக்கி எறிந்து, ஜன்னல்களை எல்லாம் விரியத் திறந்து, அம்மாவைப் போர்வையோடு கூடத்துக்குக் கொண்டுவந்தோம். அரை மணியில் தெளிந்தார். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் ஆக்சிஜனைப்போல் இருநூறு மடங்குக்கு மேல் இறுக ஒட்டிக்கொள்ளும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் குளிருக்காக அறைக்குள் கரி அடுப்பை வைத்துக்கொண்டு உறங்கிய சுற்றுலாப் பயணிகள் இறந்த செய்திகளைப் படிக்கும்போதெல்லாம், விவரம் தெரியாதவர்கள் என்று நினைத்ததுண்டு. எங்கள் விவரம் என்பது வேறொன்றும் இல்லை, உளுத்த சில்வர் ஓக் ஜன்னலின் இடுக்குகள்தான். நாற்பது ஆண்டுகளாக நாங்கள் திட்டிக்கொண்டே துணி செருகிய அந்த இடுக்குகள் எங்களைக் காத்துக்கொண்டிருந்தன.

இதற்குத் தீர்வு உண்டு. சட்டத்தின் மேல்விளிம்பில், திறந்து மூடக்கூடிய மெல்லிய காற்றுத்துளைப் பட்டையைப் பொருத்தலாம். இங்கிலாந்தில் பழைய ஜன்னலை மாற்றும்போது வீட்டின் காற்றோட்டம் முன்பிருந்ததைவிடக் குறையக்கூடாது என்று 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த கட்டட விதி சொல்கிறது. கடையில் இதைப் பற்றிக் கேட்டபோது, காற்றே புகாதது என்றுதான் எல்லாரும் கேட்டு வாங்குகிறார்கள், துளை கேட்பவர் நீங்கள்தான் என்று வியந்தார்கள். கடைசியில் கொத்தனாரைக் கொண்டு சுவரின் மேற்பகுதியில் இரண்டு துளைகள் போட்டு, வலை வைத்தோம். கரிச் சட்டியை ஒழித்துவிட்டு மின் கணப்பு வாங்கினோம். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை, நெருப்பின் முகம் தெரியவில்லை என்கிறார். சமையலறையில் விறகடுப்போ கரியடுப்போ வைத்திருப்பவர்களும், குளியலறைக்குள் கேஸ் கீசர் வைத்திருப்பவர்களும் இந்த ஜன்னலைப் போடும் முன் காற்று எந்த வழியாக வரும் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்று ஆண்டில் கடைக்காரர் எங்களுக்குச் சொல்லாமல் விட்டவற்றில் இதுதான் பெரிது.

இரண்டாவது கேடு முற்றத்தில் நடந்தது. பொருத்தும் வேலையின் இரண்டாம் நாள் காலை, உதவியாளர்கள் இருவரும் குளிர்காயச் சீகை விறகைக் கூட்டிப் பற்றவைத்து, அளவுக்கு வெட்டியதில் மிஞ்சிய வெள்ளைத் துண்டுகளையும் அதில் போட்டுவிட்டார்கள். லைட்டருக்கு அணைந்த அதே பொருள், விறகுத் தணலில் குமிழ்விட்டுக் கருகி, மஞ்சள் கலந்த புகையாக எழுந்தது. கழிவறை கழுவும் ஆசிட்டைத் திறந்தால் வரும் நெடி அது. கண்ணும் தொண்டையும் எரிந்தன. ஒரு கிலோ பி.வி.சி. பிசின் முழுவதும் சிதைந்தால் அரைக் கிலோவுக்கும் மேல் ஹைட்ரஜன் குளோரைடு வெளிவரும், அது ஈரத்தோடு சேர்ந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலம். இப்படித் திறந்த வெளியில் குறைந்த சூட்டில் எரிக்கும்போது டயாக்சின் என்ற கொடிய நச்சும் உண்டாகும், அது மண்ணிலும் கால்நடைகளின் கொழுப்பிலும் தங்கும். ஓடிப்போய்த் தடுத்தபோது, இருவரில் மூத்தவர் உண்மையாகவே குழம்பிப்போய், "குப்பைதானுங்க சார், எரிச்சுட்டா இடம் சுத்தமாயிடுமுங்க" என்றார். அவரைக் குற்றம் சொல்ல மனம் வரவில்லை. துண்டுகளை என்ன செய்ய வேண்டும் என்று அவரிடம் யாரும் சொல்லி அனுப்பவில்லை. திறந்த வெளியில் குப்பை எரிப்பதற்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் 5,000 ரூபாய் அபராதம் வைத்ததுகூட அவருக்கு எங்கே தெரிந்திருக்கும்? வழக்கமாக அடுப்புச் சாம்பலைப் பீன்ஸ் பாத்திக்குப் போடுவோம். அன்றைய சாம்பலை மட்டும் மண்ணோடு சுரண்டி மூட்டை கட்டி வைத்தேன்.

மிஞ்சிய துண்டுகள் எடை போட்டால் 11 கிலோ. கோத்தகிரியில் பழைய இரும்புக் கடைக்குக் கொண்டுபோனேன். "உள்ள இருக்கிற இரும்பை உருவிக் குடுங்க, இந்த வெள்ளையை நீங்களே வெச்சுக்குங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அலுமினியமாக இருந்தால் கையில் காசு கொடுத்து வாங்கியிருப்பார். இதை அலுமினியத்தின் பெருமையாக மட்டும் சொல்லிவிட முடியாது. தாதுவிலிருந்து ஒரு கிலோ அலுமினியம் பிரிக்க ஏறத்தாழ 14 யூனிட் மின்சாரம் தேவை, நம் நாட்டில் அதில் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து வருகிறது. தயாரிப்பில் பி.வி.சி. அந்த அளவுக்கு ஆற்றலை விழுங்குவதில்லை, வீட்டுக்குள் சூட்டையும் நன்றாகக் காக்கிறது. முடிவில்தான் அது திக்கற்று நிற்கிறது. கெட்டிப் பி.வி.சி.யை அரைத்துப் பலமுறை மீண்டும் சட்டமாக்கலாம். ஜெர்மனியில் கழற்றிய பழைய ஜன்னல்களைத் திரட்டி அரைத்து, புதிய சட்டத்தின் உட்பகுதியாக்கும் ஏற்பாட்டைத் தொழில்துறையே நடத்துகிறது. கையேட்டில் பெரிதாக அச்சடித்த ஜெர்மன் தொழில்நுட்பத்தோடு அந்த ஏற்பாடும் சேர்ந்து வந்திருந்தால், இந்த விமர்சனத்தின் பாதி எழுத வேண்டியிருந்திருக்காது.

பாதுகாப்பு என்றால் எங்கள் பக்கத்தில் கரடியும் குரங்கும் சேர்த்தியாகும். எண்ணெய் வாசனைக்குக் கோயிலையும் சமையலறையையும் உடைத்து நுழையும் கரடிக்கு எந்த ஜன்னலும் ஜன்னலே அல்ல. கம்பி வேண்டும், அதையும் பிளாஸ்டிக் நிலையில் திருகாமல் சுவரில் பதிக்க வேண்டும். குரங்கைப் பொறுத்தவரை, பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் வகையை வாங்கவே வேண்டாம். கொக்கி சற்றுத் தளர்ந்திருந்தால் போதும், இரண்டே நாளில் கற்றுக்கொள்ளும். அந்த வகையில் ரப்பர் பட்டைக்குப் பதில் மயிர்ப்பட்டைதான் இருக்கும் என்பதால் சாரலும் உள்ளே வரும். வெளிப்பக்கம் கதவுபோல் திறக்கும் வகையே மலைக்கு ஏற்றது. கம்பி பதிக்கும்போது ஒரு படுக்கையறையிலாவது உள்ளிருந்து திறக்கக்கூடிய கம்பிக்கதவாக வையுங்கள். உள்ளே தீப்பிடித்தால் சட்டம் எரிகிறதா இல்லையா என்பதைவிட, புகையில் சிக்கியவர் வெளியேற வழி இருக்கிறதா என்பதுதான் முக்கியம்.

கடையின் சேவையைப் பற்றி: சொன்ன நாளில் வந்தார்கள், அளவு பிசகவில்லை, கண்ணாடியில் பாதுகாப்புக் கண்ணாடிக்கான ஐ.எஸ். 2553 தர முத்திரை இருந்தது. ஒரு பூட்டு பழுதானபோது சரிசெய்ய ஏழு வாரம் எடுத்துக்கொண்டார்கள். மலைக்கு ஒரு பூட்டுக்காக வண்டி விட முடியாது என்பது அவர்கள் வாதம். கீழ்ச்சட்டத்தில் மழைநீர் வடியும் துளைகளை ஆண்டுக்கு இருமுறை ஈர்க்குச்சியால் குத்திவிட வேண்டும் என்பதை அவர்கள் சொல்லவில்லை. இரண்டாம் ஐப்பசியில் சிலந்திக்கூடு அடைத்துத் தண்ணீர் உள்ளே தளும்பிய பிறகு நாங்களே கண்டுபிடித்தோம்.

தேக்கு ஜன்னல்கள் இரண்டும் இன்னும் அப்படியே இருக்கின்றன. கீழ்ச்சட்டத்தை மட்டும் மாற்றி, இடுக்குகளில் ரப்பர் பட்டை ஒட்டினார் ஆசாரி. அறுபது வயதுக் கட்டைக்கு இன்னும் முப்பது ஆண்டு உண்டு என்கிறார். நல்ல தேக்கு ஜன்னலைக் கழற்றிவிட்டுப் பிளாஸ்டிக் போடுவது பணத்துக்கும் கேடு, மலைக்கும் கேடு என்பது என் கருத்து. உளுத்த மரம்தான் இருக்கிறது, சாரல் நேராக அடிக்கும் பக்கம் என்றால், ஈயமில்லை என்ற கடிதத்தையும் 2.5 மி.மீ.க்குக் குறையாத சட்டத்தையும் மிஞ்சும் துண்டுகளைத் திருப்பி எடுத்துக்கொள்வோம் என்ற உறுதியையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு யூ.பி.வி.சி. போடலாம். அந்தக் கடைசி உறுதியை நான் வாய்ச்சொல்லாக வாங்கியதோடு சரி. அடுத்த முறை வண்டி மேலே வரும்போது எடுத்துக்கொள்வதாக மூன்று முறை சொல்லிவிட்டார்கள். 11 கிலோவும் சாம்பல் மூட்டையும் விறகுக் கொட்டகையில் இருக்கின்றன.